நீர்க்கோடு

வெள்ளம் வடிந்த கட்டடத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது சுவரைத்தான். வண்டல் கலந்த நீர் ஓரிரு நாள் அசையாமல் நின்றிருந்தால் வெள்ளையடித்த சுவரில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை டேப் வைத்து அளந்து, படம் எடுத்த பிறகே பொருள்களின் பக்கம் திரும்புவேன். காப்பீட்டு நிறுவனங்களுக்காக இழப்பை மதிப்பிடும் உரிமம் பெற்ற சர்வேயராக, திருவள்ளூரில் இருந்துகொண்டு, ஊத்துக்கோட்டை முதல் பொன்னேரி வரை ஆரணியாற்றங்கரை ஊர்களில் இருபது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறேன்.

ஆரணியாறு ஏறத்தாழப் பாதி தூரம் ஆந்திரத்தில் ஓடிவிட்டுத்தான் எங்கள் பக்கம் வருகிறது. மேலே பிச்சாட்டூரில் உள்ள நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 1.85 டி.எம்.சி. வடகிழக்குப் பருவமழையில் அது நிரம்பியதும் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர் சுருட்டப்பள்ளியைக் கடந்து சில மணி நேரத்தில் ஊத்துக்கோட்டைக்கு வந்து சேரும். எங்கள் ஊரில் தூறல்கூட இல்லாத இரவிலும் ஆறு கரை தொட்டு ஓடுவதுண்டு. “பிச்சாட்டூர் தொறந்துட்டாங்களாம்” என்ற ஒற்றைச் சொல் தமிழிலும் தெலுங்கிலுமாகத் தெருவில் பரவினால் போதும், கரையோரத்தார் மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டத் தொடங்கிவிடுவார்கள். எந்த வளைவில் கரை பலவீனம், எந்த ஓடை வழியாக நீர் ஊருக்குள் நுழையும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அந்த அறிவில் ஒரு வரிகூட நான் பார்த்த காப்பீட்டு விண்ணப்பங்கள் எவற்றிலும் இருந்ததில்லை. சுவர் எதனால் கட்டியது, கூரை என்ன கூரை என்று கேட்கும் படிவம், ஆறு எவ்வளவு தூரம் என்று கேட்பதில்லை.

2015 வெள்ளத்தில் கரையோர அரிசி ஆலை ஒன்றை மதிப்பிட்ட அனுபவத்தை நான் மறக்கவில்லை. ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கியிருந்ததால் ஊரைச் சுற்றிக்கொண்டு ஐந்தாம் நாள்தான் போய்ச் சேர முடிந்தது. கிடங்குச் சுவரில் கோடு இரண்டடி உயரத்தில் இருந்தது. நெல் மூட்டைகள் அட்டி போட்டபடியே நின்றன. அந்த உயரத்துக்குக் கீழே இருந்த மூன்று வரிசைகள் நனைந்திருக்கும், மேலே இருப்பவை தப்பியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு நான்காம் வரிசையில் ஒரு சாக்கைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். சூடு தாங்கவில்லை. சணல் நீரை உறிஞ்சி மேலே ஏற்றியிருந்தது; ஈர நெல் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது. கீழ் வரிசைச் சாக்குகளில் இழைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. புளித்த வாடை கிடங்கெங்கும் நின்றது.

ஆலைக்காரர் பெரியவர். கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “சார், நீங்க வந்து பாக்குற வரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு அப்படியே வெச்சிருக்கோம். ஒரு மூட்டையைக்கூட நகர்த்தலை.”

அதைக் கேட்டதும் எனக்குப் பேச்சு எழவில்லை. தண்ணீர் வடிந்த மறுநாளே உலர்ந்த மூட்டைகளைப் பிரித்துத் தனியே அடுக்கியிருந்தால், நனைந்ததைக் களத்தில் கொட்டிக் காற்றாட விட்டிருந்தால், அந்த நான்காம் வரிசையையும் ஐந்தாவதில் ஒரு பகுதியையும் காப்பாற்றியிருக்கலாம். இழப்பு மேலும் பெருகாமல் தடுக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்பது காப்பீடு எடுத்தவரின் கடமை. அவரோ கடமையென்று நம்பியே எதையும் தொடாமல் இருந்தார். தொடக்கூடாது என்று அவருக்குத் தொலைபேசியில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு எனக்கு ஒரு வழக்கம் வந்தது: வேலை என் பெயருக்கு வந்ததும், கிளம்பும் முன்பே தொலைபேசியில் அழைத்து, நான்கு பக்கமும் படம் எடுங்கள், சுவர்க்கோட்டையும் சேர்த்து எடுங்கள், எடுத்த கையோடு ஈரத்தையும் உலர்ந்ததையும் பிரித்துவிடுங்கள், மோட்டாரை ஓட்டிப் பார்க்காமல் காயில் கட்டுபவரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆலையின் துயரம் அதோடு முடியவில்லை. அன்றைக்குக் கிடங்கில் இருந்த சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 36 லட்சம் ரூபாய். பாலிசியில் சரக்குக்கு எழுதியிருந்த தொகை 20 லட்சம். அது வங்கிக் கடனின் அளவு. கடனுக்குக் காப்பீடு செய்தால் போதும் என்று கிளையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கழிவு நெல்லின் விலை போக நான் கணக்கிட்ட இழப்பு 9 லட்சம். மதிப்புக்குக் குறைவாகக் காப்பீடு செய்திருந்தால் இழப்பையும் அதே விகிதத்தில்தான் தருவார்கள் என்பது விதி. ஆகவே 9 லட்சம் 5 லட்சமாயிற்று. இயற்கைச் சீற்றத்துக்கான 5 சதவீதப் பிடித்தம் போக 4.75 லட்சம். அறிக்கையில் அந்தக் கணக்கை எழுதியது நான்தான். எழுதியதில் தவறில்லை, எனினும் பெரியவரின் எதிரே உட்கார்ந்து அந்த விகிதத்தை விளக்கிய அரைமணி நேரம் எனக்குக் கனமாக இருந்தது. பாலிசி போட்ட அன்றைக்கு இதே அரைமணி நேரத்தை யாராவது அவருக்காகச் செலவிட்டிருக்க வேண்டும்.

நம் நாட்டில் வெள்ளத்துக்கென்று தனியாகப் பாலிசி எடுப்பது வழக்கத்தில் இல்லை. தீக்காப்பீட்டிலேயே புயல், வெள்ளம், நீர் சூழ்தல் ஆகியவை ஒரு தொகுப்பாகச் சேர்ந்து வரும். எங்கள் தொழிலில் எஸ்.டி.எஃப்.ஐ. என்போம். முன்பிருந்த பாலிசியில், வேண்டாமென்றால் அந்தத் தொகுப்பை நீக்கிப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு மளிகைக் கடைக்காரரின் பாலிசியில் அது நீக்கப்பட்டிருந்ததை, அவர் எதிரிலேயே தாளைப் புரட்டியபோதுதான் கண்டேன். சில நூறு ரூபாய் மிச்சமாகியிருந்தது. ஐந்து பக்கத் தாளில் அந்த ஒரு வரி எங்கே இருக்கிறது என்று அவர் தம் விரலால் தேடிப் பார்த்தார்.

வீடுகளுக்கு நிலைமை இன்று ஓரளவு மேல். 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள பாரத் கிருக ரக்ஷா பாலிசியில் வெள்ளமும் அடங்கும். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே சேரும். குறைக் காப்பீடு என்று சொல்லித் தொகையை வெட்டுவதும் இல்லை. அப்படியிருந்தும் 2021 நவம்பர் வெள்ளத்தின்போது நான் நுழைந்த ஊர்களில், வங்கிக் கடன் இல்லாத வீடு எதற்கும் பாலிசி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பயிர் விஷயத்தில்தான் என் மனம் இன்னும் ஆறவில்லை. அது என் வேலை அல்ல, ஆனால் ஆலைக்கு வரும் விவசாயிகள் என்னையும் பயிர்க் காப்பீட்டு ஆள் என்று நினைத்து வயலுக்குக் கூட்டிப்போவார்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஊரின் சராசரி விளைச்சலை வைத்துத்தான் இழப்பீடு. கரை உடைந்து ஆற்று மணல் மூடிய நான்கு ஏக்கர் சம்பா, மேட்டு வயல்கள் நன்றாக விளைந்த ஊரில் இருந்தால், அந்தச் சராசரிக்குள் காணாமல் போய்விடும். தனி வயல் பாதிப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்து இழப்பீடு கோரும் வழி உண்டு. ஆனால் நீர் சூழ்ந்த நெல்லை 2018-இல் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நெல்லைத் தவிர வேறெதுவும் நிற்க முடியாத பள்ளத்து நிலத்தானுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதை வரப்பில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். 2026 கரீப் பருவம் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. அறிவிப்பைப் படித்த அன்று, மணல் மூடிய அந்த நிலத்துக்காரரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். “இப்பவாச்சும் பண்ணாங்களே நைனா” என்றார்.

இப்போது என் அறிக்கைகளில், யாரும் கேட்காத ஒரு பத்தியைச் சேர்த்து எழுதுகிறேன். நீர் எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தது, எத்தனை மணிக்கு நுழைந்தது, எவ்வளவு உயரம் நின்றது, அந்த உயரத்தை மறுபடி சரிபார்க்க அருகில் அழியாத அடையாளம் எது என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பத்தியை மட்டும் தனித்தாளில் எழுதி உரிமையாளரிடமும் கொடுத்து, அடுத்த முறை பாலிசி புதுப்பிக்கும்போது இதைக் காட்டித் தொகையைப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன். அரிசி ஆலைப் பெரியவரின் மகன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடைமேடைக்கு மேலே மாட்டியிருக்கிறார். சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்தபோதும் கோடு இருந்த இடத்தில் மட்டும் நீலப் பெயின்டால் ஒரு பட்டை இழுத்து, பக்கத்தில் 2015 என்று எழுதியிருக்கிறார். இப்போது மூட்டைகளை அவர் அந்தப் பட்டையின் உயரத்துக்குக் கல் மேடை கட்டி, அதன்மேல்தான் அடுக்குகிறார்.