போன வருஷத்துக் கணக்கு

அன்றைக்கு அந்த அறையில் நான் சொன்னது இரண்டே வார்த்தை. "சரி சார்."

பிப்ரவரி கடைசி வாரம். மார்ச் 1-க்குள் டியர் டூ போயாக வேண்டும். (இந்தத் துறையில் இல்லாதவர்களுக்கு: அமெரிக்காவில் ஆபத்தான ரசாயனங்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைத்திருக்கும் இடங்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் இருப்புக் கணக்கு அது. தமிழில் எழுதினால் காதல் கடிதத்தின் முதல் வரி மாதிரி இருக்கிறது. படிவத்துக்குள் அன்பு எதுவும் கிடையாது.) எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு, ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் சந்தேகம் வந்து, ப்ரொடக்‌ஷன் மேனேஜர் அறைக்குப் போனேன். அவரும் தமிழர். என்னைவிட இருபது வயது மூத்தவர். எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். இதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த "சரி"க்குள் இதுவும் இருக்கிறது.

"சார், நைட்ரிக் டிரம் எல்லாம் தெற்குப் பக்கம் போயிடுச்சே. படிவத்துல எங்கன்னு போடறது?"

"இது எந்த வருஷத்து ரிப்போர்ட்டு தம்பி?"

"போன வருஷம் சார்."

"போன வருஷம் டிரம் எங்க இருந்துச்சு?"

"வடக்குல."

"அப்ப வடக்குன்னே போடுங்க. அந்த வருஷத்துல இல்லாததை எழுதினா அதுதான் தப்பு."

"சரி சார்."

இவ்வளவுதான் நடந்தது. இதில் பொய் எங்கேயும் இல்லை. அவர் சொன்னது சட்டப்படி சரி என்று இன்றைக்கும் வாதாட முடியும். படிவம் கேட்பது முந்தைய காலண்டர் ஆண்டைத்தான். ஜனவரி முதல் டிசம்பர் வரை, ஏதாவது ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு இருந்தது, சராசரியாக எவ்வளவு, எத்தனை நாள், எந்த இடத்தில், எப்படிப்பட்ட கலனில். வடக்கு அறையின் கூரை ஒழுக ஆரம்பித்தது ஜனவரியில். டிரம்களை நகர்த்தியதும் ஜனவரியில். ஆக, அறிக்கையின் ஆண்டு முழுவதும் டிரம்கள் வடக்கில்தான் இருந்தன. படிவம் தீயணைப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளில்தான் அங்கே இல்லை.

எங்களிடம் இருந்தவை 12 டிரம்கள். ஒவ்வொன்றும் 55 கேலன், 67 சதவீத நைட்ரிக் அமிலம். துருப்பிடிக்காத எஃகுப் பாகங்களை அதில் முக்கி எடுத்தால் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் போய்விடும், துரு வராது. ஒரு டிரம்மில் உள்ளது ஏறக்குறைய 640 பவுண்டு. தண்ணீரைக் கழித்தால் அமிலம் மட்டும் 430 பவுண்டு. நைட்ரிக் 'மிகவும் ஆபத்தானவை' பட்டியலில் இருப்பதால் 500 பவுண்டைத் தொட்டாலே கணக்குக் காட்ட வேண்டும். சாதாரண ஆபத்துப் பொருள் என்றால் 10,000 பவுண்டு வரை விடுவார்கள். அதாவது இரண்டு டிரம் வந்து இறங்கினாலே நாங்கள் படிவத்துக்குள் வந்துவிடுவோம். இந்தக் கணக்கையெல்லாம் நான் மிகச் சரியாகப் போட்டேன். கொள்முதல் ரசீதுகளை எடுத்து, எந்த வாரம் பழைய இருப்பும் புது இருப்பும் சேர்ந்து நின்றன என்று பார்த்து, அதிகபட்ச நாளைக் கண்டுபிடித்தேன். அதற்கே இரண்டு நாள் ஆனது. இதில் ஒரு வேடிக்கை, அளவுக்குப் படிவம் ஒரு வரம்பைக் குறித்தாலே போதும் என்கிறது. துல்லியம் வேண்டியிருந்தது இடத்துக்குத்தான். அதை முந்தைய ஆண்டுப் படிவத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினேன். "கட்டடம் 2, வடக்கு அறை." அதற்கு முந்தைய ஆண்டும் யாரோ இப்படித்தான் ஒட்டியிருப்பார்கள்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பதே நான்தான். 1984 டிசம்பரில் போபால். ஊர் முழுக்க மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடுகிறது. வந்தது என்ன வாயு, அதற்கு என்ன சிகிச்சை என்று மருத்துவர்களுக்கே தெரியாது. மறு வருடம் ஆகஸ்டில் மேற்கு வர்ஜீனியாவில், அதே நிறுவனத்தின் இன்னொரு ஆலையில் கசிவு. அதற்குப் பிறகுதான் இங்கே விழித்துக்கொண்டு 1986-ல் சட்டம் போட்டார்கள். ஆலைக்குள் என்ன இருக்கிறது என்பதை மாநில ஆணையத்துக்கும், உள்ளூர் அவசரத் திட்டக் குழுவுக்கும், பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லியாக வேண்டும். இந்த மூன்றில் நெருப்புக்குள் இறங்கப்போவது மூன்றாவது ஆள்தான் என்று வகுப்பில் ஒவ்வொரு முறையும் சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் சேர்ந்து ஆட்டுவேன்.

ஏப்ரலில் ஒரு ராத்திரி, பஃபிங் பிரிவின் தூசி உறிஞ்சும் கருவிக்குள் தீப்பிடித்தது. பெரிய தீ என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கருவி இருப்பது தெற்குப் பக்கம். சுவருக்கு இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் எங்கள் 12 டிரம்கள். நைட்ரிக் தானாக எரியாது. எரிகிற எதையும் இன்னும் மூர்க்கமாக எரிய வைக்கும். மரப் பேலட்டில் ஒழுகினால் அதுவே பற்றிக்கொள்ளலாம். பழுப்பு நிறத்தில் புகை கிளம்பும். அந்தப் புகையின் குணம் மோசமானது. சுவாசித்தவருக்கு அப்போதைக்கு லேசான இருமலோடு போய்விடும். பல மணி நேரம் கழித்து, வீட்டில் போய்ப் படுத்த பிறகு, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நடந்ததை நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர் சொன்னார். தீயணைப்பு வண்டியில் எங்கள் ஆலைக்கான தாள் இருந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் குழாயோடு வடக்கு அறைக்கு ஓடியிருக்கிறார்கள், அமிலத்தைக் காப்பாற்ற. அங்கே இருந்தது ஒழுகும் கூரையும் இரண்டு வாளியும். மீதிப் பேர் தெற்குச் சுவரை ஒட்டி வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், பக்கத்தில் ஆபத்தாக எதுவும் இல்லை என்ற நினைப்பில். டிரம்களை ஃபோர்க்லிஃப்டில் ஏற்றி அங்கே கொண்டுபோய் வைத்தவரே இந்த சூப்பர்வைசர்தான். அவர் ஓடிப்போய்க் கத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு சுவரைக் குளிரவைத்து, தீயையும் அடக்கி, டிரம்களுக்கு ஒரு கீறல்கூட இல்லாமல் முடித்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வடக்கு அறைக்கு ஓடிப்போய்த் திரும்பியதில் எவ்வளவு நேரம் வீணானது என்று கேட்டேன். "ஐந்து நிமிஷம் இருக்கும்" என்றார். பிறகு, "பத்து இருக்கும்" என்றார்.

மறுநாள் காலை கேப்டன் வந்தார். இங்கே தீயணைப்பு நிலையத்தில் எல்லோரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவரும் ராத்திரி வந்துவிட்டுக் காலையில் தன் வேலைக்குப் போகிற வழியில்தான் நுழைந்திருந்தார். கோபமெல்லாம் இல்லை. தாளை நீட்டி, "இதில் வடக்கு என்று இருக்கிறதே?" என்று கேட்டார்.

"அது போன வருடத்துக் கணக்கு. டிசம்பர் 31 வரை அங்கேதான் இருந்தது" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் "ஓகே" என்று சொல்லி, தாளில் வடக்கை அடித்துவிட்டுப் பேனாவால் தெற்கு என்று எழுதிக்கொண்டு போனார். ஒரு நொடி வேலை.

பிப்ரவரியில் மேனேஜர் என்னிடம் சொன்னதைத்தான் ஏப்ரலில் நான் அவரிடம் சொன்னேன். அன்றைக்கு எனக்கு நியாயமாகப் பட்டது, காலணியில் ஈரம் காயாமல் நிற்கிற ஒரு மனிதரிடம் சொல்லும்போது வேறு மாதிரி கேட்டது. அன்று மாலை நிலையத்துக்கு போன் செய்து, இன்சூரன்ஸுக்குச் சம்பவ அறிக்கையின் நகல் வேண்டும் என்று கேட்டேன். நகலுக்கு அவசரம் எதுவும் இல்லை. யாராவது இருமிக்கொண்டிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான். டிரம்களில் கசிவே இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் மறுநாளும் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கூப்பிட்டேன்.

என் பக்கத்து நியாயங்களும் நிறைய இருக்கின்றன. எப்படியும் அவர்கள் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். தாளை மட்டும் நம்பி யாரும் கட்டடத்துக்குள் நுழைவதில்லை, அங்கிருப்பவரைக் கேட்பார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான் இல்லை. தாள் சரியாக இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? 2013-ல் டெக்சாஸ் மாநிலத்தில், வெஸ்ட் என்ற சிற்றூரின் உரக்கிடங்கு வெடித்து 15 பேர் செத்தார்கள். அதில் 12 பேர் தீயை அணைக்கவும் உதவவும் போனவர்கள். அங்கே அம்மோனியம் நைட்ரேட் இருந்தது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை, அரசுக்குப் போன டியர் டூவில் அது இருந்தது. அது வெடிக்கக்கூடும், கிட்டப் போகாதே என்று சொல்வதற்கான திட்டமும் பயிற்சியும்தான் இல்லை. இதை நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அங்கே சரியான தாளே காப்பாற்றவில்லை, இங்கே தவறான தாள் யாரையும் கொல்லவில்லை. செத்தவர்களை வைத்து எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன் என்பதும் சேர்ந்து உறைக்கும்.

மேனேஜர் அன்றைக்குச் சொன்னதன் பொருள் என்ன என்பதும் இப்போது எனக்குத் தெளிவில்லை. படிவத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன், அதற்குப் பதில் சொன்னார். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லாதே என்று அவர் சொல்லவே இல்லை. அதை நான் தனியாகச் சொல்லிவிடுவேன் என்றுகூட நினைத்திருக்கலாம், அது என் வேலைதானே. சில நாள் அந்தக் குரல் அலுப்போடு கேட்கிறது. சில நாள் பொறுமையாகச் சொல்லித்தருகிற குரலாக. ஒரு மின்னஞ்சல் அனுப்ப யார் அனுமதியும் எனக்குத் தேவைப்படவில்லை. படிவத்தோடு ஒரு வரைபடத்தை இணைத்து, 'ஜனவரியிலிருந்து தெற்கில்' என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அப்படியிருக்க ஏன் செய்யவில்லை? கூரையைச் சரிசெய்ததும் டிரம்கள் வடக்குக்கே திரும்பிவிடும், இதை ஏன் இரண்டு தடவை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். உண்மையான காரணம் இதுதானா, இல்லை பின்னால் யோசித்துக் கண்டுபிடித்ததா என்று சத்தியம் செய்யச் சொன்னால் தயங்குவேன். கூரை ஜூன் வரை ஒழுகியது.

மே மாதம் வேறு எதையோ தேடப்போய்ச் சட்டத்தின் 303-வது பிரிவு கண்ணில் பட்டது. நாங்கள் எல்லோரும் உருப்போட்டு வைத்திருப்பது 312-வது பிரிவு, அதுதான் ஆண்டுப் படிவம். மிகவும் ஆபத்தான பொருளை அதற்கான திட்டமிடல் அளவுக்கு மேல் வைத்திருப்பவர்கள், அவசரத் திட்டத்தோடு தொடர்புள்ள மாற்றங்களை உடனுக்குடன் உள்ளூர்க் குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 303. விதிமுறை அதற்கு 30 நாள் தருகிறது. நைட்ரிக்குக்கு அந்த அளவு 1,000 பவுண்டு, எங்களுக்கு மூன்று டிரம் போதும். ஒரே கட்டடத்துக்குள் வடக்கிலிருந்து தெற்குக்கு நகர்த்துவது 'தொடர்புள்ள மாற்றமா'? வக்கீலிடம் கேட்டால் இரண்டு பக்கமும் பேசுவார். கேப்டனிடம் கேட்டால் பேச மாட்டார், பேனாவை எடுப்பார். ஆக, 312-ன்படி மேனேஜர் சொன்னது சரி. 303-ன்படி எங்கள் இருவருக்குமே சரியான கேள்வி தெரிந்திருக்கவில்லை. இந்தப் பிரிவைப் பற்றி இன்றுவரை அவரிடம் நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு டிரம் அசைந்தால் மின்னஞ்சல் என்று ஆரம்பித்தேன். நான்கு டிரம் இங்கே, இரண்டு டிரம் அங்கே, காலி டிரம் வெளியே. சில வாரம் போனது. கேப்டன் ஒரு நாள் கூப்பிட்டு, "நீங்கள் அனுப்புவதை எல்லாம் அச்செடுத்து வண்டியில் வைக்க எங்களிடம் ஆள் இல்லை. கடைசியாக வந்தது எது, அதற்கு முந்தையது எது என்று குழப்பமாகிறது. பெரிய மாற்றம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். மற்றதை ஆண்டுப் படிவத்தில் போடுங்கள்" என்றார். நட்பாகத்தான் சொன்னார். பெரிய மாற்றம் எது என்று நான் கேட்கவில்லை. 12 டிரம் சுவர் மாறினால் பெரியது. மூன்று டிரம்? இப்போது நானே ஒரு அளவு வைத்துக்கொண்டிருக்கிறேன். அது எந்தச் சட்டத்திலும் இல்லை.

மேனேஜர் போன டிசம்பரில் ஓய்வு பெற்றார். மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தவர், நான் உள்ளே போனதும் நாற்காலியைக் காட்டினார். வீடு, பிள்ளைகள், முட்டிவலி என்று பேச்சு எங்கெங்கோ போய்வந்தது. கிளம்பும்போது நினைவு வந்தவர் போலக் கேட்டார்.

"அந்த நைட்ரிக் விஷயத்துல ஃபயர் ஆளுங்க ஏதோ கேட்டாங்களே தம்பி. எல்லாம் சரியாப் போச்சில்ல?"

"சரியாப் போச்சு சார்" என்றேன்.