நாற்பது கொண்டை ஊசிக்கு முன் ஒரு ஓஸ் கிளிப்

பொள்ளாச்சியைத் தாண்டும்வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, ஜன்னல் வழியாக ஈரக்காற்று, பக்கத்து சீட்டில் பாதித் தூக்கத்தில் மச்சான். ஆழியாறை நெருங்கும்போது ஒரு வேகத்தடையில் கிளட்சை மிதித்தேன். ஆர்பிஎம் முள் 600க்கு இறங்கி, 1,100க்கு ஏறி, மறுபடி இறங்கியது. அடுத்த நிமிடமே மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தது.

வியாழக்கிழமைதான் கோவையில் கோன் ஃபில்டர் மாட்டியிருந்தேன். வண்டியோடு வந்த ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு, அலுமினியப் பைப்பும் திறந்த ஃபில்டரும். மாட்டியவர் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி அரைமணி நேரம் விட்டு மறுபடி முடுக்கினார். “ஈசியூ ரீசெட் பண்ணியாச்சுங்க, இனி புதுசா கத்துக்கும்” என்றார். ஈசியூ என்றால் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர். நானும் அப்படியே நம்பி, சனிக்கிழமை விடிகாலையில் வால்பாறைக்குக் கிளம்பிவிட்டேன்.

ஆழியாறு வனத்துறை செக்போஸ்ட்டைத் தாண்டினால் மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் நின்றால் உதவிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் செக்போஸ்ட்டுக்கு முன்னாலேயே ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன்.

“ஏனுங் தம்பி, வண்டி மக்கர் பண்ணுதுங்களா?” என்றார் கடைக்காரப் பெரியவர்.

“லைட் எரியுதுங்கய்யா. பாத்துட்டுப் போயிடறோமுங்க.”

மச்சான் தூக்கம் கலைந்து, “பேட்டரியைக் கழட்டி மாட்டு மாப்ள, லைட் போயிரும்” என்றான். போயிருக்கும்தான். ஆனால் அதை முதலில் செய்யக்கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. இன்ஜின் கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்ததை எழுதி வைத்திருக்கிறது. படிக்காமல் அழித்தால் நோய் உள்ளேயே இருக்கும், அடையாளம் மட்டும் போய்விடும்.

டேஷ்போர்டுக்கு அடியில், இன்ஜின் கம்ப்யூட்டரின் தகவலைப் படிப்பதற்கென்றே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் என் புளூடூத் ஸ்கேனரைச் சொருகி, போனில் பார்த்தேன். பழுதைச் சொல்லும் கோட் பி0171. இன்ஜினுக்குக் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். அதைவிட முக்கியம் ஃப்யூயல் ட்ரிம் எண்கள், அதாவது வழக்கமான அளவைவிட ஈசியூ எவ்வளவு பெட்ரோல் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, கூடுதல் 25 சதவீதம். ஆக்ஸிலேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தினால் 9க்கு இறங்கியது.

இந்த இரண்டு எண்களில்தான் விடை இருந்தது. உள்ளே போகும் காற்றை ஏர்ஃப்ளோ சென்சார் அளக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கில் ஈசியூ பெட்ரோல் தெளிக்கிறது. சைலன்சர் பாதையில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் புகையைப் பார்த்து, கூடவா குறையவா என்று திருப்பிச் சொல்கிறது. இப்படித் தினமும் திருத்தித் திருத்தி ஈசியூ மனதில் வைத்துக்கொள்வதுதான் நீண்டகால ட்ரிம். ரீசெட் செய்தால் அது பூஜ்யத்துக்குப் போய், முதலிலிருந்து கற்கத் தொடங்கும். புது பைப்பின் அகலத்தால் சென்சார் கணக்கு தவறியிருந்தால், பிழை ஐடிலில் மட்டும் இப்படிக் குவியாது; எல்லா வேகத்திலும் தெரியும். ஐடிலில் பெரிதாகவும் வேகத்தில் சிறிதாகவும் இருந்தால், சென்சாரைத் தாண்டி எங்கோ அளக்காத காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது.

பானெட்டைத் திறந்து, பைப்பை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தேன். இன்ஜின் தலைமூடியிலிருந்து வரும் பிரீதர் ஓஸ் (இன்ஜின் மூச்சுவிடும் குழாய்), கட்டைவிரல் தடிமன் கறுப்பு ரப்பர், அலுமினியப் பைப்பின் முனையிலிருந்து முழுதாக நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. கிளிப்பே போடவில்லை. ஓஸின் வாயில் விரலை வைத்து மூடினேன். விரலை உறிஞ்சிப் பிடித்தது. ஐடில் உடனே சீரானது. அந்த உறிஞ்சலை விரல் நுனியில் உணர்ந்தபோது வந்த நிம்மதி பெரிது.

கிளிப்புக்கு எங்கே போவது? பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். தோட்டத்து மோட்டார் சாமான் கிடக்கும் ஒரு டப்பாவோடு வந்தார். மூன்றாவது கிளிப் சரியாக உட்கார்ந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

இப்போதுதான் ரீசெட்டுக்கு நேரம். சாவியை எடுத்துவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவைக் கழற்றி 20 நிமிடம் விட்டோம். அதற்குள் இரண்டு டீ. சில வண்டிகளில் ரேடியோ கோட் கேட்கும், பவர் விண்டோ ஆட்டோ வேலை செய்யாமல் போகும். உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஸ்கேனரிலேயே பழுது கோட் எண்ணை அழிக்கலாம், ஆனால் எல்லா வண்டியிலும் கற்ற ட்ரிம் அதோடு சேர்ந்து அழிவதில்லை. மாட்டிய பிறகு ஏசி, லைட் எல்லாம் அணைத்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்வரை ஐடிலில் விட்டேன். பிறகு ஏசி போட்டுச் சில நிமிடம். ஐடிலைக் கற்க ஈசியூவுக்கு இந்த அமைதி வேண்டும்.

மீதிப் பாடத்துக்கு மலைப்பாதையைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டாம் கியர், மூன்றாம் கியர், வளைவில் கால் எடுப்பு, மறுபடி மிதிப்பு. ஒன்பதாம் வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்டில் நிறுத்தியபோது கீழே ஆழியாறு நீர் வெள்ளித் தகடாகக் கிடந்தது. வரையாடு பார்க்க நின்றோம், அன்று ஒன்றும் தென்படவில்லை. அட்டகட்டி வந்தபோது ட்ரிம் கூடுதல் 4. ஐடில் முள் அசையவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கமாட்டேன். மேலே ஏற ஏறக் காற்று மெலிகிறது, அது எல்லா வண்டிக்கும் பொது. அதற்கு மேல், ஒரு பஸ்ஸின் பின்னால் ஊர்ந்தபோது உள்ளே போகும் காற்றின் சூடு 58 டிகிரி காட்டியது; வெளியே ஸ்வெட்டர் தேடும் குளிர். திறந்த ஃபில்டர் இன்ஜினின் வெந்த காற்றையே குடிக்கிறது. பழைய பெட்டி முன் கிரில்லிலிருந்து குளிர்காற்றை எடுத்தது. சத்தம் கம்பீரமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. இழுவை கூடியதாக மட்டும் சொல்ல மனம் வரவில்லை. ஃபில்டரைச் சுற்றி வெப்பத் தடுப்பு போட்டுப் பார்ப்பேன், சூடு குறையாவிட்டால் பழைய பெட்டிதான்.

வால்பாறையில் அந்த இரவெல்லாம் மழை. மறுநாள் மதியம் இறங்கும்போது அதே டீக்கடையில் நிறுத்தினோம்.

“கிளிப் நின்னுதுங்களா?” என்றார் பெரியவர், நாங்கள் கதவைத் திறப்பதற்குள்.

பானெட்டைத் தூக்கிக் காட்டினேன். ஓஸை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, டீ போடப் போனார்.