திருக்கைக்கு வயசு என்ன? – ஊத்தான் மெலிந்தாங் நாட்குறிப்பு

2 ஜூன் 2024, ஞாயிறு

நேற்று இரவுதான் பல்கலைக்கழகத்திலிருந்து மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங்கில் உள்ள வீடு வந்து சேர்ந்தேன். விடியற்காலை ஐந்தரைக்கே அப்பாவின் மோட்டாரை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போய்விட்டேன். செம்பனை லோரிகள் இன்னும் ஓடத் தொடங்காத நேரம். சாலை முழுக்க ஈரம், தோட்டத்துப் பக்கமிருந்து புளித்த பழ வாடை.

ஐஸ் உடைக்கும் மாமா எனக்காகத் திருக்கை ஏழெட்டை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார். உடல் தட்டின் அகலத்தை இந்தச் சிறகு நுனியிலிருந்து அந்தச் சிறகு நுனிவரை அளந்தேன். ஆண், பெண் குறித்துக்கொண்டேன். "சதைய வித்துக்குங்க மாமா, முதுகெலும்பு மட்டும் எனக்குப் போதும்" என்றேன். "அத வச்சு என்னம்மா செய்யப் போற?" என்று கேட்டார். வயசு பார்க்கப் போகிறேன் என்றதும் கத்தியை அப்படியே நிறுத்திவிட்டார். "மீனுக்கு வயசா?"

இங்கே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் குட்டி போடும் கொட்டும் திருக்கை. நான் படிக்கும் கட்டுரைகளில் வருவது அதன் உறவுக்கார மீனான ஸ்கேட். அது முட்டையிடும் இனம். நான்கு முனையிலும் கொம்பு நீட்டிய தோல் பை போன்ற கூட்டில் முட்டையை வைக்கும். வாலில் விஷ முள் கிடையாது, முதுகிலும் வாலிலும் சின்னச் சின்ன முட்கள் இருக்கும். குளிர்ந்த கடல்களில்தான் அது அதிகம். ஆனாலும் வயதைக் கணக்கிடும் வழி இரண்டுக்கும் ஒன்றுதான். அந்த வழியைப் பல ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்தவர்கள் ஸ்கேட்டை ஆராய்பவர்கள் என்பதால் அவர்களைத்தான் பின்பற்றுகிறேன்.

5 ஜூன்

இன்று ஒரு நஷ்டம். கெம்போங், செனாங்கின் மாதிரி எலும்பு மீனுக்குக் காதுக்குள் கல் இருக்கும். அதை அறுத்தால் மரத்தின் வளையம்போல வயது தெரியும். திருக்கைக்கு உடம்பு முழுக்கக் குருத்தெலும்பு, அப்படிப்பட்ட கல் அதற்கு இல்லை. முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவிலும் சுண்ணாம்புச் சத்து படிந்து படிந்து கெட்டியாகும். அந்தப் படிவுதான் நமக்கு ஏடு.

சுடுதண்ணீரில் போட்டுச் சதையை வழித்தேன். மிச்சத்தைக் கரைக்க கிளோராக்ஸ் என்ற வெளுப்பு நீரை ஊற்றிவிட்டு, பாட்டிக்கு மருந்து வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சின்னக் கணுக்கள் விரல் பட்டதுமே மாவாக உதிர்ந்தன. மூன்று மீன்களின் கணுக்கள் போயே போய்விட்டன. உயிரோடு இருந்த மீன் அது, அதன் சாவுக்கு ஒரு பயனாவது இருக்கட்டும் என்றுதான் எடுத்தேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

9 ஜூன், ஞாயிறு

போன தவணையில் பல்கலைக்கழகத்தில் அறுத்த வில்லைகளை இன்று எடுத்தேன். கணுவை ரெசினில் பதித்து, வைரத்தூள் பூசிய இரட்டை வட்ட ரம்பத்தால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் சீவியவை. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு முக்கோணங்கள் நுனியோடு நுனி ஒட்டியதுபோல, மணல் கடிகாரத்தின் வடிவம். நடுவிலிருந்து கொஞ்ச தூரத்தில் அதன் ஓரக்கோடு சற்றே வளைந்து திசை மாறும். அந்த இடம்தான் பிறப்புக் கோடு. அங்கிருந்து வெளியே அகலமான மங்கல் பட்டை ஒன்று, மெல்லிய தெளிந்த பட்டை ஒன்று என மாறி மாறி வரும். ஒரு ஜோடி ஓர் ஆண்டு என்பது கணக்கு.

தம்பி வில்லைகளின் பெயர்ச்சீட்டை மறைத்து வரிசையைக் கலைத்துக் கொடுத்தான். மீனின் அளவு தெரிந்தால் "பெரிய மீன், கூட இருக்கும்" என்று கண் தானாகவே ஒரு பட்டையைச் சேர்த்துவிடும். பதினான்காம் வில்லையில் காலையில் 7 எண்ணினேன். மாலையில் அதே வில்லையில் 9 வந்தது. விளிம்புக்கு வரவர பட்டைகள் நெருங்கி ஒன்றோடொன்று இழைந்துவிடுகின்றன. வயதான மீனுக்கு வயதைக் குறைத்துச் சொல்லும் ஆபத்து இங்கேதான்.

12 ஜூன்

ஒரு ஜோடிப் பட்டை ஓர் ஆண்டு என்று யார் சொன்னது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. குளிர்நாட்டில் கோடையும் பனிக்காலமும் மீனின் வளர்ச்சியை மாற்றும். நம் கடலில் ஆண்டு முழுக்கச் சூடுதானே! ஆண்டுக்கு இரண்டு ஜோடி விழுந்தால் என் கணக்கு முழுவதும் பாழ்.

இதற்குக் கடலிலேயேதான் விடை தேட வேண்டும். பிடித்த மீனுக்கு டெட்ராசைக்ளின் ஊசி போட்டு, அடையாளச் சீட்டு கட்டி விட்டுவிடுவார்கள். அந்த மருந்து அன்றைக்குப் படியும் சுண்ணாம்போடு கலந்து நின்றுவிடும். பிறகு மீன் அகப்படும்போது புற ஊதா வெளிச்சத்தில் அந்தக் கோடு மஞ்சளாக ஒளிரும். அதற்கு வெளியே எத்தனை பட்டை, கடலில் கழிந்தது எத்தனை நாள் என்று ஒப்பிட வேண்டியதுதான். முள் ஸ்கேட் இனம் ஒன்றில் ஆய்வாளர்கள் ஹோல்டனும் வின்ஸும் இதைச் செய்து 1973இல் எழுதினார்கள்.

வில்லையே வேண்டாம் என்று ஒரு வழியும் உண்டு. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இரண்டு மீட்டரையும் தாண்டும் ஸ்கேட்டைத் தூண்டில்காரர்கள் பிடித்து, அளந்து, முதுகுப் புள்ளிகளைப் படமெடுத்து விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் புள்ளி வரிசை வேறு. அதே மீன் மறுபடி வந்தால் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, இடையில் எத்தனை ஆண்டு என்று பார்க்கலாம். பிறந்த நாள் தெரியாமலே வளர்ச்சி தெரியும். சின்னதில் வேகமாக வளர்ந்து, போகப் போகத் தணியும் அந்த வளைகோட்டை பெர்டலான்ஃபி 1938இல் சமன்பாடாக்கினார். ஒரு மீனும் சாகவில்லை என்பதால் இந்த வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

15 ஜூன்

இன்று பாட்டியின் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, புதுப்பிக்கும் பேச்சு வந்தது. அதில் பிறந்த வருசம் 1945 என்று இருக்கிறது. "அது கெராணி போட்ட வருசம்" என்று எழுத்தரைச் சொன்னார் பாட்டி. "எங்கப்பன சயாமுக்கு ரயில் போடப் புடிச்சிக்கிட்டுப் போனப்ப நான் தவழ்ந்துக்கிட்டிருந்தேனாம். ஆத்தா சொல்லும்." தோட்டத்து ஆட்களை சயாம் மரண ரயில்பாதைக்கு அள்ளிக்கொண்டு போனது 1943இல். அப்படியென்றால் ஐசி தப்பு. பாட்டி குறைந்தது இரண்டு வயது மூத்தவர்.

இப்படி நடந்ததை வைத்து வயதைச் சரிபார்க்கும் அணுகுண்டுக் கரிமம் எனக்கு நினைவுக்கு வந்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வானத்தில் வெடித்த சோதனைக் குண்டுகளால் கதிரியக்கக் கரிமம் கூடி, கடலிலும் இறங்கியது. அந்தக் காலத்தில் வாழ்ந்த மீனின் கணுவில் அது பதிந்திருக்கும். கனடாவின் அட்லாண்டிக் பக்கத்து வேறொரு முள் ஸ்கேட் இனத்தின் கணுவில் அதைப் பார்த்து, 28 வயது வரை பட்டைக் கணக்கு சரிதான் என்று மெக்ஃபியும் கம்பானாவும் 2009இல் உறுதி செய்தார்கள்.

18 ஜூன்

ஜெட்டியில் மாமா சொன்னார்: "முந்தியெல்லாம் ரெண்டு பேரு சேந்து தூக்குற மாதிரி வரும். இப்ப தட்டு அகலத்துக்குத்தான் வருது." பக்கத்துக் கூடையில் கிடந்தவற்றில் பாதிகூடப் பருவம் அடைந்திருக்காது. மெதுவாக வளர்ந்து, தாமதமாகப் பருவமடைந்து, கொஞ்சமாகப் பெறும் மீன் இது. வயது தெரியாமல் எவ்வளவு பிடிக்கலாம் என்று எப்படிச் சொல்வது?

தெரியாமல் போட்ட கணக்கு மறுபக்கமும் தவறலாம். அமெரிக்கக் கரையோரத்து பார்ண்டோர் ஸ்கேட் அழிவின் விளிம்பில் இருப்பதாக 1998இல் ஒரு கட்டுரை எச்சரித்தது. பிறகு கணுக்களை எண்ணியபோது, நினைத்ததைவிட வேகமாக வளரும் இனம் அது என்று தெரிந்தது. அதன் எண்ணிக்கையும் மீண்டு வந்தது. அதற்காக எச்சரித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணிப் பார்க்காமல் இருந்ததுதான் குறை.

22 ஜூன், சனி

நாளை கிளம்புகிறேன். பதினான்காம் வில்லையை மூன்றாம் முறையாக, விளிம்பில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தேன். 9. பென்சிலால் "குறைந்தது 9" என்று எழுதிவிட்டுத்தான் பெயர்ச்சீட்டைத் திறந்தேன். பெண் மீன். பாட்டி பக்கத்தில் வந்து கண்ணை வைத்துப் பார்த்தார். "எங்க, எனக்கும் காட்டு, எதும்மா முத வருசம்?" ஊசி முனையால் பிறப்புக் கோட்டைக் காட்டினேன்.

மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: மாதத்தில் ஒரு நாள், அளவு எழுதிய சீட்டோடு, முதுகெலும்பு மட்டும். ஐஸ் பெட்டியில் போட்டு அப்பா பஸ்ஸில் ஏற்றிவிடுவார். கிளோராக்ஸ் ஊற்றினால் இனி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.