1907 நவம்பரில் சர்ச்சில் எங்கே இருந்தார்?

வின்ஸ்டன் சர்ச்சிலின் ஆரம்பகாலக் கடிதம் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. போர்க்காலப் பிரதமராக எழுதியவை என் சக்திக்கு எட்டாது. 1904-ல் கன்சர்வேட்டிவ் கட்சியை விட்டு லிபரல்கள் பக்கம் போய், அடுத்த ஆண்டே காலனி அமைச்சகத்தில் துணைப் பொறுப்புக்கு வந்த அந்த இளம் ஆள்தான் எனக்குப் பிடித்தவரும்கூட.

முதலில் ஒரு வியாபாரி காட்டியது தட்டச்சுக் கடிதம். லண்டன் காலனி அமைச்சகத் தாள், 1907 நவம்பர் தேதி, கீழே 'வின்ஸ்டன் எஸ். சர்ச்சில்' என்று கையெழுத்து. அதே பெயரில் அமெரிக்க நாவலாசிரியர் ஒருவர் இருந்ததால், குழப்பம் வேண்டாமென்று இவர் சேர்த்துக்கொண்டதுதான் அந்த 'எஸ்'. அதைப் பார்த்ததும் பாதி மயங்கிவிட்டேன். போலி செய்கிறவனுக்கும் அது தெரியும் என்பது அப்போது தோன்றவில்லை.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அச்சுப் புள்ளிகள் இல்லை. பேனா அழுத்திய இடத்தில் கோடு தடித்து, மை தாளுக்குள் இறங்கியிருந்தது. சரி, வாங்கிவிடலாம் என்று முன்பணம் எடுக்கும்போதுதான் தேதி உறைத்தது. அந்த நவம்பரில் அவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் அல்லவா இருந்தார்! ஊர் திரும்பியதே 1908 ஜனவரியில். "தாளைக் கையோடு கொண்டு போயிருப்பார்" என்றார் வியாபாரி. ஆனால் கடிதமோ 'நாளை மதியம் அலுவலகத்துக்கு வாருங்கள்' என்கிறது. செயலாளர் போட்ட கையெழுத்தோ, முழுப் போலியோ, நான் துருவவில்லை. பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அப்புறம் ஏழு மாதம் கழித்து லண்டன் ஏலம் ஒன்றில் கையால் எழுதிய கடிதம் வந்தது. 1906 ஜூலை, போல்டன் தெரு 12-ஆம் எண் வீட்டு முகவரி. மான்செஸ்டர் வாக்காளர் ஒருவருக்கு நான்கு வரி நன்றி. அந்த ஜனவரியில்தான் அவர் வடமேற்கு மான்செஸ்டரில் வென்றிருந்தார். இடம், ஆள், தேதி மூன்றும் ஒட்டின. இம்முறை பின்பக்கப் படம் கேட்டேன், மடிப்புகளின் படம் கேட்டேன், யார் குடும்பத்திலிருந்து வந்தது என்று கேட்டேன். போலி என்று நிரூபணமானால் எத்தனை நாளில் திருப்பித் தரலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். ஏலத்தொகைக்கு மேல் வாங்குபவர் கமிஷன், அதற்கு வரி என்று ஏறியபோது வயிறு கலங்கியது உண்மை.

சட்டம் போட்டு மாட்ட ஆசைதான். ஆனால் வெளிச்சத்தில் மை வெளிறிவிடும். மூலக் கடிதம் அமிலமில்லா உறையில், இருட்டுப் பெட்டியில் இருக்கிறது. கூடத்துச் சுவரில் இருப்பது நகல். வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வாய் பிளக்கிறார்கள். நானும் சொல்வதில்லை.