நாலு பேர் சுமந்த படுக்கை

தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பலர் உயரத்திலிருந்து விழுந்தவர்கள். தென்னை ஏறியவர், சாரத்தில் நின்று பூச்சு வேலை பார்த்த கொத்தனார், மாங்காய் பறிக்கப் போன கல்லூரிப் பையன். மற்றவர்கள் பெரும்பாலும் பைக் விபத்து. முந்தின நாள் வரைக்கும் ஒரு குடும்பத்தையே தாங்கிக்கொண்டிருந்தவர்கள்.

எல்லோருடைய முதல் கேள்வியும் ஒன்றுதான். "மேடம், நான் எப்போ நடப்பேன்?" மூளையிலிருந்து காலுக்குக் கட்டளை போகிற பாதை முழுதாக அறுந்துவிட்டால், உடைந்த எலும்பு சேர்வதுபோல் அது மறுபடி சேர்வதில்லை. அதைச் சொல்கிற நாள் எனக்கு இன்றும் கஷ்டமான நாள். அதற்கப்புறம்தான் எங்கள் வேலையே ஆரம்பிக்கிறது. படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பிப் படுக்க வேண்டும்; இல்லையென்றால் உணர்ச்சியில்லாத தோலில் புண் வந்து எலும்பு வரைக்கும் போய்விடும். வீல்சேரில் உட்கார்ந்திருக்கும்போது கையை ஊன்றி உடம்பை அடிக்கடி தூக்கி இறக்க வேண்டும். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவது, கதீட்டர் என்கிற மெல்லிய குழாய் போட்டுச் சிறுநீர் எடுப்பது, காலுக்கு முட்டுக்கொடுக்கிற காலிப்பர் சட்டத்தை மாட்டிப் பிடிமானக் கம்பிகளுக்கு நடுவே நிற்பது என்று எல்லாமே புதிதாகக் கற்க வேண்டியவை. இவ்வளவுக்கும் மனசு வேண்டும். மனசு விட்டுவிட்டால் கையில் எவ்வளவு பலம் இருந்தாலும் பிரயோஜனமில்லை.

நான் கிறிஸ்தவள். ஜெபித்துவிட்டுத்தான் வார்டுக்குள் நுழைவேன். ஆனால் பார்வை நேரத்தில் ஜெபிக்க வருகிற சிலர் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை எனக்கு ஆறவே ஆறாது. "விசுவாசம் இருந்தா இந்நேரம் எழுந்து நடந்திருப்பே." அன்றைக்கு அதைக் கேட்ட நோயாளி உடற்பயிற்சிக்கு வரமாட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். காலை இழந்தவரிடமிருந்து கர்த்தரையும் பிடுங்கிக்கொண்டு போவது எந்த ஊழியத்தில் சேர்த்தி? இன்னும் சிலர் பெற்றோர் செய்த பாவம் என்பார்கள். பைபிளில் பிறவிக் குருடனைப் பார்த்து இயேசுவின் சீஷர்கள் இதையேதான் கேட்டார்கள். இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசுவே பதில் சொல்லிவிட்டார். அதற்குமேல் நமக்கு என்ன பேச்சு இருக்கிறது?

நான் படிக்கும்போது எங்களுக்கு அடிக்கடி சொல்லப்பட்ட பெயர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) படித்த இளம் டாக்டர். 1954ல் ஒரு சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனார். அவர் பயிற்சி எடுக்க நினைத்த துறைகளில் பல மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்தாக வேண்டும். ஆனால் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கான அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம். அந்தச் சிகிச்சையில் முன்னோடியான டாக்டர் பால் பிராண்ட் அவரை அந்த வழிக்குக் கொண்டுவந்தார். வீல்சேரில் உட்கார்ந்து அறுவைச் சிகிச்சை செய்தார் மேரி. அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பினார். 1966ல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையம் அவருடைய உழைப்பில் வந்தது. 1972ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1986ல் இறக்கும்வரை அவருடைய கால்கள் குணமாகவில்லை. அவருடைய விசுவாசத்தில் குறை சொல்ல யாருக்காவது வாய் வருமா?

அப்போஸ்தலன் பவுலும் தன் சரீரத்தில் முள்போல் இருந்த உபாதை நீங்க வேண்டுமென்று மூன்று தரம் வேண்டிக்கொண்டார். அந்த முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. இந்த வசனத்தை நான் நோயாளிகளிடம் அவசரப்பட்டுச் சொல்வதில்லை. அவர்களே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தால் கூட உட்கார்ந்து பேசுவேன், அவ்வளவுதான்.

எனக்கு வழி காட்டியது பைபிளில் மாற்கு 2ஆம் அதிகாரம். உடம்பு செயலிழந்த ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் இயேசுவிடம் சுமந்து வருகிறார்கள். நம் ஊரில் நாலு பேர் தூக்குவது என்றாலே கடைசிப் பயணம்தான் ஞாபகம் வரும். இவர்கள் உயிரோடு இருக்கிறவனைத் தூக்கிவந்து, கூட்டத்தில் வழியில்லாமல் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். படுத்திருந்தவன் ஒரு வார்த்தை பேசியதாக அங்கே இல்லை. இயேசு பார்த்தது தூக்கிவந்தவர்களின் விசுவாசத்தை. நம்ப முடியாத நாளில் ஒருவனுக்காக மற்றவர்கள் நம்பலாம், அவன் படுக்கையின் ஒரு முனையைப் பிடிக்கலாம் என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். விசுவாசி என்கிற முறையில் வார்டில் என் வேலை அந்த ஒரு முனைதான்.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த வருஷம் நானே அந்தப் படுக்கையில் கிடந்தேன் என்று சொல்லலாம். பகலெல்லாம் வார்டில் செய்வதையே ராத்திரி வீட்டில் அப்பாவுக்குச் செய்வேன். ஜெபிக்க உட்கார்ந்தால் வாயில் வார்த்தை வராது. எங்கள் வார்டு சிஸ்டர் ஒருவர், "நீ ஜெபிக்க வேண்டாம்மா, அதை நாங்க பார்த்துக்கிறோம். நீ போய்த் தூங்கு" என்றார். வார்டைச் சுத்தம் செய்கிற அக்கா மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். அவர் தினமும் எனக்காக ஒரு டப்பாவில் ரசம் சாதம் கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். அப்பாவுக்குப் பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் அந்த வருஷத்தை நான் கடந்தேன். என்னைத் தூக்கியவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும்.

அதனால் இப்போதெல்லாம் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது அவர் போகிற சபையில் பேசலாமா என்று குடும்பத்தாரைக் கேட்கிறேன். சமீபத்தில் தென்னையிலிருந்து விழுந்த ஒருவர் வீடு திரும்பினார். வாசல்படி இரண்டு அடி உயரம். ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது வீல்சேர் ஏறுகிற சாய்தளத்துக்கான கணக்கு. அப்படியானால் 24 அடி வேண்டும். முற்றத்தில் அவ்வளவு இடமில்லை. சபை வாலிபர்களும் பக்கத்து வீட்டுக் கொத்தனாரும் சேர்ந்து நடுவில் ஒரு திருப்பம் வைத்துக் கட்டி முடித்தார்கள். கொத்தனார் கூலி வாங்க மறுத்துவிட்டாராம். அதைப் பார்த்த போதகர் ஆலயப் படிக்கும் அளவு கேட்டு எனக்குப் போன் செய்தார். கழிவறைக் கதவு மட்டும் பாக்கி. இப்போதுள்ள அகலம் 24 அங்குலம்; வீல்சேர் சிரமமில்லாமல் நுழைய 32 அங்குலமாவது வேண்டும். சுவரை இடிக்க வருகிற சனிக்கிழமை வருவதாக அந்தப் பையன்கள் சொல்லியிருக்கிறார்கள்.