மோனாலிசாவுக்கு முதுகைக் காட்டின மாமனார்

பாரிஸ் போறவங்க லூவர் மியூசியத்த பாக்காம வரக்கூடாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா கும்பகோணத்துல காலம்பூரா கல்யாண சமையல் காண்ட்ராக்ட் எடுத்த மாமனார கூட்டிட்டு போனா என்ன ஆகும்னு ஒருத்தரும் சொல்லி அனுப்பல. ஈஃபில் டவர்லாம் அவருக்கு அஞ்சு நிமிஷ மேட்டர். 330 மீட்டர் உயரம் மாமா, 1889ல திறந்தாங்க, ஏழு வருஷத்துக்கு ஒருக்கா பெயிண்ட் அடிக்கணும், அதுக்கே 60 டன் ஆகும்னு நான் மூச்சு வாங்க சொல்லிட்டு இருக்கேன், அவரு கீழ கிரெப்னு அந்த ஊரு மெல்லிசு தோசை சுடுற ஆள் மாவு தேய்க்கிறதையே பாத்துட்டு, "கல்லு நல்ல சூட்டுல இருக்கு மாப்ள, ஆளுக்குத்தான் கை பத்தல"ன்னு முடிச்சிட்டார்.

அடுத்து லூவர். மோனாலிசா ரூம்ல ஒரே தள்ளுமுள்ளு. படமோ 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம், அவ்ளோதான், அதையும் குண்டு துளைக்காத கண்ணாடிக்கு உள்ள வெச்சிருக்காங்க. கயித்துக்கு இந்தப்பக்கம் ஆளாளுக்கு செல்போன தூக்கிட்டு முன்னாடி நிக்கிறவன் எப்ப நகருவான்னு பாக்குறாங்க, பந்தியில சேருக்குப் பின்னாடி எடம் புடிக்க நிப்பாங்களே அதேதான். 1911ல இத ஒருத்தன் திருடிட்டு போயிட்டான் மாமா, அப்புறம் வெறும் செவுத்த பாக்கவே கூட்டம் வந்துச்சாம்னு சொல்லிட்டு திரும்பினா மாமாவ காணோம்.

மனுஷன் அப்படியே 180 டிகிரி திரும்பி எதிர் செவுத்த பாத்து நிக்கிறார். அங்க இருக்கறது கானாவூர் கல்யாணம். லூவர்லயே பெரிய ஓவியம் அதுதான், 6.77 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம், ஏறக்குறைய 130 பேர். வெனிஸ்ல ஒரு மடத்தோட சாப்பாட்டு ஹாலுக்காக வெரோனேசே 1563ல வரைஞ்சு முடிச்சது, 1797ல நெப்போலியன் படை தூக்கிட்டு வந்துடுச்சு.

"சாப்பாட்டு ஹாலுக்கா? அப்ப சரி"ன்னு ஆரம்பிச்சார் பாருங்க. "மேல பாருங்க மாப்ள, அங்க இன்னும் கறி வெட்டிக்கிட்டு இருக்கான், இங்க கீழ பழத்தட்டு வந்தாச்சு, இது எந்த ஊரு கணக்கு? நாய உள்ள விட்டது யாரு? பொண்ணு மாப்ளைய இடது ஓரத்துல கொண்டுபோய் ஒதுக்கிட்டானுங்க, கச்சேரிக்காரங்களுக்கு மட்டும் நடு எடம்!" நடுவுல இயேசு உக்காந்திருக்கார், கல்யாணத்துல திராட்சரசம் தீந்துபோச்சு, தண்ணிய ரசமா மாத்தினார், அதான் கதைன்னு சொன்னேன். தீந்துபோச்சுன்ன உடனே மாமா மூஞ்சியே மாறிடுச்சு. ஸ்டோர் ரூம் சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு என்னைய கேக்குறார், நானே என்னமோ பொண்ணு வீட்டுக்காரன் மாதிரி முழிக்கிறேன். வலது ஓரத்துல ஜாடிய சாய்ச்சு ஊத்துற ஆள ரொம்ப நேரம் பாத்தார். "சாம்பார் பத்தாம தண்ணி ஊத்துறது நாங்களும் பண்ணதுதான் மாப்ள, ஆனா ஊத்தினப்புறம் ருசி கூடினதா சரித்திரமே கிடையாது. இவர் பெரிய ஆள்தான்"னு ஒரு கும்புடு போட்டார்.

இதுக்குள்ள என் வீட்டம்மா கூட்டத்துல முட்டி மோதி எப்படியோ போட்டோ எடுத்துட்டு வந்துட்டாங்க. அதுல இருந்தது முன்னாடி நின்னவரு செல்போன் ஸ்கிரீன்ல தெரியுற மோனாலிசா.

மாமா கானாவூர் கல்யாணத்த நாலா பிரிச்சு போட்டோ எடுத்து, தன்னோட பழைய செட்டு ஆளுங்க இருக்கற வாட்ஸ்அப் குரூப்ல போட்டார். ஊர்லேருந்து உடனே ரிப்ளை.

"மாஸ்டர், எத்தன எல?"

"130. ஒரே பந்தி. வெட்டுறதுக்கு ஆள் கூட வேணும்"னு வாய்ஸ் நோட் அனுப்பிட்டு, என்ன பாத்து அடுத்து எங்க மாப்ளன்னு கேட்டார்.