புதிய பதிப்பை மறுப்பவர்களின் பக்கம்

2025 செப்டம்பர் 15 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கான ஐஓஎஸ் 26 இயங்குதளத்தை வெளியிட்டபோது, 18க்கு அடுத்து 26 என்று எண் தாவியதைக் காட்டிலும், திரையின் தோற்றம் அடியோடு மாறியதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. லிக்விட் கிளாஸ் என்று பெயரிடப்பட்ட அந்த வடிவமைப்பில் பொத்தான்களும் பட்டைகளும் கண்ணாடித் தன்மை பெற்றன. பின்னால் இருக்கும் படம் எழுத்துகளின் அடியில் தெரியத் தொடங்கியது. வாசிக்கச் சிரமமாக இருக்கிறது என்ற குறை பரவலாக எழுந்த பிறகு, நவம்பரில் வந்த 26.1 பதிப்பில் அப்படிப் பின்புறம் தெரிவதைக் குறைத்துக்கொள்ள ஒரு தெரிவு சேர்க்கப்பட்டது. இதற்கிடையில் என் அலுவலகத்திலும் உறவினர் வட்டத்திலும் பலர் பழைய பதிப்பிலேயே இருந்துவிடுவதென்று முடிவு செய்திருந்தார்கள். இவர்களை மாற்றத்துக்கு அஞ்சுகிறவர்கள் என்று ஒதுக்கிவிடுவது வழக்கமாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் கேட்கவில்லை.

முதலில் சரியாகச் செய்யப்பட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐஓஎஸ் 26 வெளியான அதே நாளில், பழைய பதிப்பில் இருப்பவர்களுக்காக 18.7 என்ற பாதுகாப்புத் திருத்தமும் வந்தது. புதிய தோற்றம் வேண்டாம், பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் அடைத்துத் தாருங்கள் என்று கேட்பவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் டிசம்பரில் நிலைமை மாறியது. இணைய உலாவியின் அடிப்படையான வெப்கிட்டில் இரண்டு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன. குறிப்பிட்ட சிலரைக் குறிவைத்து அவை ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று நிறுவனமே அறிவித்தது. அவற்றை அடைக்கும் திருத்தம் புதிய பதிப்பினருக்கு 26.2 என்ற எண்ணில் வந்தது. பழைய பதிப்புக்கான 18.7.3 திருத்தமோ, ஐஓஎஸ் 26 ஏற்காத ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் போன்ற பழைய கருவிகளுக்குத்தான் வழக்கமான வழியில் கிடைத்தது. ஐபோன் 11 அல்லது அதற்குப் பிந்தைய கருவியை வைத்துக்கொண்டு 18இல் இருந்தவர்களுக்கு, திறந்த ஓட்டையோடு இருப்பது அல்லது புதிய பதிப்புக்குச் செல்வது என்ற இரண்டு வழிகளே எஞ்சின. அந்தத் திருத்தம் எழுதப்பட்டுவிட்டது, கையில் இருக்கிறது, இன்னொருவருடைய கருவிக்கு அனுப்பவும் படுகிறது. ஆனால் உங்களுக்குத் தரமாட்டோம் என்பதுதான் இதன் பொருள்.

இது புதிதல்ல. 2021இல் ஐஓஎஸ் 15 வந்தபோது, விரும்புகிறவர்கள் 14இலேயே தங்கிப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற்றுக்கொள்ளலாம் என்று சொன்ன நிறுவனம், 2022 ஜனவரியில் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, அது தற்காலிகமானதாகவே எண்ணப்பட்டது என்று விளக்கம் தந்தது. ஆண்ட்ராய்டு பக்கத்தில் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியிடும் வழக்கம் 2015 ஆகஸ்டில் தொடங்கியது, அது பெரிய நன்மை. என்றாலும், ஒரு மாடலுக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டால் அதன்பின் வரும் திருத்தங்கள் பொதுவாக அந்தப் பதிப்பின் மேலேயே கட்டப்படுகின்றன. ஆகவே புதிய பதிப்பை மறுப்பவர் காலப்போக்கில் பாதுகாப்பையும் இழக்கிறார். புதிய பதிப்பையும் பாதுகாப்புத் திருத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். பாதுகாப்புத் திருத்தத்தை யாரும் தள்ளிப்போடக் கூடாது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை; வங்கிக் கணக்கும் ஓடிபியும் யுபிஐயும் ஒரே கருவிக்குள் இருக்கும் இந்த ஊரில் அது உயிர்நாடி. ஆனால் அந்த அவசரத்தைக் காட்டி, தோற்றத்தையும் பழக்கத்தையும் மாற்றும் ஒரு முழு இயங்குதளத்தை உள்ளே அனுப்புவது வேறு காரியம்.

கேட்கப்படும் விதத்தையும் கவனிக்க வேண்டும். இப்போது நிறுவலாமா, பிறகு செய்யலாமா என்று ஐபோன் கேட்கிறது. பிறகு என்று அழுத்தினால், இன்றிரவு நிறுவலாமா, மீண்டும் நினைவூட்டலாமா என்ற அடுத்த கேள்வி வருகிறது. வேண்டாம் என்று சொல்வதற்கான இடம் அங்கே இல்லை. கடவு எண்ணைக் கேட்கும் திரை எழும்போது, அது எதற்காகக் கேட்கிறது என்பதைப் படிக்காமலேயே எண்ணை அழுத்துவது நாம் நாள் முழுவதும் செய்து பழகிய செயல். மறுப்பதற்கான வரியோ கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது. அப்படி அழுத்தப்பட்டதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நேர்மையாகாது.

சென்னை சைதாப்பேட்டை நிறுத்தத்தில் எனக்குப் பழக்கமான ஓர் ஆட்டோ ஓட்டுநர் இருக்கிறார். அவருடைய ஆண்ட்ராய்டு போனும் இப்படித்தான் வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது. "போன் கேட்டுக்கிட்டே இருக்குதுக்கா, நானும் தள்ளிக்கிட்டே வர்றேன்" என்றார். அவருக்கு ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா தரும் ரீசார்ஜ்; வீட்டில் வைஃபை கிடையாது. ஒரு பெரிய அப்டேட் சில ஜிபி அளவுக்கு இருக்கும். அதைத் தரவிறக்கினால் அன்றைய சவாரி அழைப்புகளுக்கும் வரைபடத்துக்கும் டேட்டா மிஞ்சாது. நிறுவி முடியும் வரை போனும் கையில் இருக்காது. ஸ்டோரேஜ் நிறைந்திருப்பதால் பிள்ளைகளின் படங்களை அழித்தால்தான் இடமே கிடைக்கும். அதற்குப் பிறகு சவாரி செயலி பழையபடி வேலை செய்யுமா என்பது நிறுவிப் பார்த்தால்தான் தெரியும். கருவியே தொழிலாக இருப்பவர் ஓடிக்கொண்டிருப்பதைத் தொட மறுப்பது அறியாமையால் அல்ல. அது கணக்குப் பார்த்து எடுத்த முடிவு.

முதியவர்களின் கதை இதைவிடக் கடினமானது. நங்கநல்லூரில் தனியாக வசிக்கும் என் சித்திக்குக் கண்புரை அறுவை நடந்த பிறகும் பார்வை முழுதாகத் தெளியவில்லை. அவர் போனைப் படித்து இயக்குவதில்லை. எது எங்கே இருக்கிறது என்ற விரலின் நினைவைக் கொண்டு இயக்குகிறார். ஓர் இரவில் அவருடைய போன் தானாகவே புதிய பதிப்புக்கு மாறியது. மறுநாள் காலை அழைப்பை எடுக்கும் முறை வேறாக இருந்தது, டார்ச் இருந்த இடத்தில் வேறு ஏதோ இருந்தது. அஞ்சறைப் பெட்டியில் கடுகையும் வெந்தயத்தையும் யாரோ இரவோடு இரவாக இடம் மாற்றி வைத்ததைப் போன்ற நிலை அது. நான் அழைத்தபோதெல்லாம் மணி அடித்தும் எடுக்கவில்லை. பதறிப்போய் நேரில் சென்றபோது, எடுக்கத்தான் முயன்றேன், வரவில்லை என்றார். தனியாக இருக்கும் முதியவருக்கு அழைப்பை எடுக்கும் விதம் மாறுவது அழகு சார்ந்த விஷயமல்ல.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2025 ஆகஸ்டில் கூகுளின் போன் செயலி தன் தோற்றத்தை மாற்றியபோது, எதையும் நிறுவாமலிருந்தும் அழைப்புத் திரை மாறிவிட்டதைக் கண்டு, போனை யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்றே நம்நாட்டில் பலர் அஞ்சினார்கள். அந்தச் செயலியின் அப்டேட்டை நீக்கிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வழியாவது இருந்தது. முழு இயங்குதளத்தில் அந்த வழியும் கிடையாது. ஐபோனில் எந்தப் பதிப்பை நிறுவினாலும் அதற்கு ஆப்பிளின் சர்வர் டிஜிட்டல் கையொப்பமிட்டு ஒப்புதல் தர வேண்டும். புதிய பதிப்பு வந்து சில வாரங்களில் பழையதற்குக் கையொப்பமிடுவது பொதுவாக நிறுத்தப்படுகிறது. அதன்பின் திரும்பிச் செல்ல இயலாது. ஓட்டையுள்ள பழைய பதிப்பை ஒரு திருடன் மீண்டும் ஏற்றிவிடக் கூடாது என்பது இதற்கான நியாயமான காரணம், அதை ஏற்கிறேன். ஆனால் திரும்ப முடியாத ஒரு வாசலுக்குள் ஒருவரை அனுப்புகிறவர், அவரை அவசரப்படுத்தக் கூடாது.

மக்களின் சந்தேகத்துக்கு வரலாறும் இருக்கிறது. ரிச்சி தெருவில் போன் பழுதுபார்க்கும் கடைகளில் பேட்டரி இறங்குகிறது, ஹேங் ஆகிறது என்று எதைச் சொன்னாலும், "அப்டேட் போட்டீங்களா?" என்பதே முதல் கேள்வியாக வருகிறது. பழைய பேட்டரி உச்ச மின்தேவையைத் தாங்காமல் போன் திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்க, 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 மூலம் ஐபோன் 6 வகைக் கருவிகளின் வேகம் குறைக்கப்பட்டது. அதை அந்த ஆண்டு டிசம்பரில்தான் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. தொழில்நுட்பக் காரணம் உண்மையானதே. சொல்லாமல் செய்ததுதான் குற்றம். ஏனெனில் பேட்டரியை மாற்றினால் போதும் என்று தெரியாமல் புதிய போன் வாங்கியவர்கள் உண்டு. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. சாம்சங்கின் கேலக்ஸி நோட் 4 வைத்திருந்தவர்களிடம் நோட் 7க்காக ஆக்கப்பட்ட ஆண்ட்ராய்டு பதிப்பையும், ஐபோன் 6 வைத்திருந்தவர்களிடம் ஐபோன் 7க்காக ஆக்கப்பட்ட ஐஓஎஸ் 10ஐயும், விளைவுகளைச் சொல்லாமல் விடாப்பிடியாக வலியுறுத்தியதே அந்த ஆணையம் கண்ட தவறு. வலியுறுத்தலே ஒரு தவறாகக் கருதப்படலாம் என்பதற்கு அந்தத் தீர்ப்பை நான் முக்கியமானதாக எண்ணுகிறேன்.

நம்நாட்டிலும் ஓர் அசைவு இருந்தது. ஐஓஎஸ் 18 நிறுவிய பின் ஐபோன்கள் சரியாக இயங்கவில்லை என்று தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த புகார்களை ஆராய்ந்து, 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. புகார் செய்வதால் என்ன பயன் என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்: எண் 1915, மொழித் தடை இல்லை, போனின் மாடலையும் பதிப்பையும் தேதியையும் குறித்துவைத்துக்கொண்டு பேசுங்கள்.

நிறுவனங்களின் தரப்பையும் நான் அறியாதவள் அல்ல. பல பதிப்புகளை ஒரே நேரத்தில் பராமரிப்பது செலவு. சில ஓட்டைகளை அடைக்க இயங்குதளத்தின் அடித்தளத்தையே மாற்ற வேண்டியிருக்கும். செயலிகளை எழுதுபவர்களும் எல்லோரும் ஒரே பதிப்பில் இருப்பதையே விரும்புவார்கள். ஆயினும் ஏழு ஆண்டுகள் அப்டேட் தருவோம் என்று கூகுளின் பிக்சல் 8க்கும் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24க்கும் விளம்பரம் செய்யக்கூடிய நிறுவனங்களால், முந்தைய ஒரே ஒரு பதிப்புக்கு ஓராண்டு மட்டும் பாதுகாப்புத் திருத்தம் தர முடியாது என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. நான் கேட்பது அந்த ஓராண்டையும், வேண்டாம் என்ற ஒரு பொத்தானையும்தான்.

அதுவரை என் பொறுப்பில் உள்ள போன்களில் தானாக நிறுவும் அமைப்பை அணைத்துவிட்டு, பாதுகாப்புத் திருத்தங்களை மாதந்தோறும் நானே கையால் போடுகிறேன். பெரிய பதிப்பு என்றால் இரண்டு மூன்று திருத்தங்கள் வரும் வரை காத்திருந்து, வங்கிச் செயலியும் மெட்ரோ பயணச்சீட்டும் புதியதில் இயங்குகின்றன என்று என் போனில் பார்த்த பிறகே மற்றவர்களுடையதைத் தொடுகிறேன். 2025 டிசம்பரைப் போலப் பயன்பாட்டில் உள்ள ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டு, பழைய பதிப்புக்குத் திருத்தம் மறுக்கப்பட்டால், விருப்பமில்லாமலேயே புதியதுக்கு மாற்றிவிடுகிறேன். அப்படி மாற்றும் நாளில் சித்தியின் அருகில் அமர்ந்து, அழைப்பை எடுப்பதை அவருடைய விரலுக்குப் பழகும் வரை மீண்டும் மீண்டும் அழைத்துப் பார்க்கிறோம்.